குடியை விட்டதால் நின்றுபோன வண்டி

அனுப்புநர்:
பொன்னம்மாள், க/பெ ராசப்பன்,
செயலாளர், எட்டுக்கை அம்மன் மகளிர் சுய உதவிக் குழு,
பலாக்காட்டுப்பட்டி, வாழவந்தி நாடு,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாமக்கல்.

பொருள்: எங்கள் ஊர் ஆண்கள் குடியை விட்டதால் நிறுத்தப்பட்ட நலவாழ்வு வண்டியை மீண்டும் அனுப்பக் கோருதல் – அந்த வண்டிக்காக ஊர் வாங்கிய மது பாட்டில்கள் தொடர்பாக என் கணவர் மீதுள்ள வழக்கை விலக்கிக்கொள்ளக் கோருதல் – சார்பு.

இணைப்பு: திட்ட அலுவலகத்திலிருந்து எங்கள் குழுவுக்கு வந்த கடிதத்தின் நகல்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். மேலே உள்ள பொருளைப் படித்ததும், இதை யாரோ குடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று தாங்கள் நினைக்கக்கூடும். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. எங்கள் ஊரில் இப்போது யாருக்குமே கிடையாது. எங்கள் குறையே அதுதான்.

1. மதுவுக்கும் புகையிலைக்கும் வசூலிக்கும் வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, அவற்றால் வரும் கேட்டை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் திட்டத்தின் கீழ் எங்கள் வாழவந்தி நாட்டுக்கு ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. மேலே ஒலிபெருக்கியும் பக்கவாட்டில் கெட்டுப்போன ஈரலின் படமும் இருக்கும். உள்ளே ஒரு நர்சம்மாவும், ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு படுக்கையும் உண்டு. வியாழக்கிழமை தோறும் வந்து பேசிவிட்டு, படம் காட்டிவிட்டு, திரும்பும்போது நடக்க முடியாத நோயாளிகளையும் மாசமான பெண்களையும் படுக்க வைத்துக் மலையடிவாரக் காரவள்ளி வழியாகக் கீழே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அரசுக்கு அது பிரசார வண்டி. எங்களுக்கு அது படுக்கை உள்ள வண்டி. இரு தரப்புக்கும் இதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

2. வண்டியில் பேச வருபவர் சசிதரன் என்ற தம்பி. நல்ல பிள்ளை, குரலும் நன்றாக இருக்கும். ஒருநாள் அவர் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காக, "இந்த வண்டி ஓடறதே நீங்க குடிக்கிற குடியிலதாங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் எங்க டீசல் இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் கணவர் ராசப்பன் எழுந்து நின்று கைதட்டினார். அன்றைக்கு அவர் வண்டிக்கு நிறையவே டீசல் போட்டிருந்தார்.

3. சிரித்தாலும் பேச்சு உள்ளே இறங்கியது. ஆடி நோம்பிக்கு ஊர்க்கூட்டம் கூடியபோது, ஊர்க்கவுண்டர் குப்புசாமி அவர்கள் முன்னிலையில் ஆண்கள் எல்லோரும் அம்மன் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இனி பாட்டிலைக் கையால் தொடுவதில்லை, பீடியை வாயில் வைப்பதில்லை என்று. பெண்களாகிய நாங்கள் வெற்றிலையோடு போடும் புகையிலையை விட்டோம். ஆண்கள் விட்டதற்கு ஊரே பாராட்டியது. எங்களை யாரும் பாராட்டவில்லை. களை வெட்டும்போது கொட்டாவி விட்டே தாடை வலித்தது என்பதை இந்த மனுவோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

என் கணவரைப் பற்றி நான் பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன். அவர் தொடவில்லை. சாயங்காலமானால் என்ன செய்வதென்று தெரியாமல் மிளகுக் கொடிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டிருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் சாப்பிடுவதை நான் நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். சந்தோஷமாக இருந்தேன், அய்யா. அதையும் பதிவு செய்கிறேன்.

4. ஐப்பசியில் வண்டி நின்றது. விசாரித்து எழுதியதற்கு வந்த பதிலைத்தான் இணைத்துள்ளேன். "ஒவ்வொரு பகுதிக்கும் நிதி, அந்தப் பகுதிக் கடைகளில் வசூலாகும் வரியைப் பொறுத்தே ஒதுக்கப்படுகிறது. தங்கள் பகுதியில் வசூல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே வசூல் அதிகமுள்ள, எனவே விழிப்புணர்வு அதிகம் தேவைப்படுகிற வேறொரு பகுதிக்கு வண்டி மாற்றப்பட்டுள்ளது. தங்கள் ஊரின் முன்மாதிரியான ஒத்துழைப்புக்கு நன்றி" என்று அதில் உள்ளது. இதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. நன்றி தெரிவித்ததையும் மறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத ஊருக்கு வண்டி போகிறது, கேட்ட ஊருக்குக் கடிதம் வருகிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. என் மகள் பானுமதி நிறைமாதமாக இருக்கிறாள். மருமகன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் லாரியில் வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார். இது அவளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தின்போது இந்த வண்டி இல்லை. வலி கண்டு பஸ்ஸில் கொண்டுபோனோம். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், கீழிருந்து முப்பத்தெட்டாம் வளைவில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி, ஆண்கள் எல்லோரையும் இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொடுத்தார். குழந்தை அழவில்லை. அந்த வளைவின் எண் எழுதிய கல் ஜன்னலுக்கு நேராக இருந்ததால் எண் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு எப்போது மலை இறங்கினாலும் அந்த இடத்தில் பானுமதி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த முறை, உட்கார்ந்து குலுங்கி வரவே கூடாது, தை பிறப்பதற்குள் படுத்தபடியே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸிலும் வாடகை ஜீப்பிலும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அடைக்கலாம், ஒருவரைப் படுக்க வைக்க முடியாது. ஆகவே எனக்கு அந்த வண்டி வேண்டும்.

6. கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினேன். வசூல் குறைந்ததுதான் காரணம் என்றால் வசூலைக் கொடுத்துவிடலாமே என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். எங்கள் ஊரில் கோவில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுவது வழக்கம். மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவன் மூன்று நாளும் ஆட வேண்டும், பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்தால் போதும், தேர் ஓடும். அதுபோலத் தலைக்கட்டுக்கு ஒரு பாட்டில் என்று வரி போட்டோம். வாங்குவது, திறக்காமல் வைப்பது. அரசுக்கு வரி, அம்மனுக்குச் சத்தியம், இரண்டும் நிற்கும். யோசனையில் ஓட்டை இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் பாட்டிலைத் தொடக்கூடாது என்பதால் எங்கள் குழுப் பெண்களே கூடையோடு கடைக்குப் போனோம். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் ஓடினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த விற்பனையாளர் என்ன சரக்கு வேண்டும் என்று கேட்டார். எங்கள் கண்ணாயி, "எதுல வரி சாஸ்தியோ அதைக் குடுங்க சாமி" என்றாள். கார்த்திகை பாதிக்குள் இது மூன்று முறை நடந்தது. பூட்டுப் போட்ட அறை என் வீட்டில்தான் இருக்கிறது, மிளகு மூட்டை வைக்கும் அறை. பாட்டில்களை அங்கே அடுக்கினோம். என் கணவர் அந்த அறைப் பக்கம் போகாமல் கொல்லை வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

7. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். மதுவிலக்குப் போலீசார் வந்தார்கள். ஒரு வீட்டில் அத்தனை பாட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்றார்கள். எங்களுக்கு அது தெரியாது. தெரியாதது எங்கள் தவறு. என் கணவரை ஊதச் சொன்னார்கள். வாசனை ஏதும் இல்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. குடிக்காதவன் இவ்வளவு வைத்திருந்தால் விற்கத்தானே என்று கேட்டார்கள். அவர் கைகட்டி நின்று, "குடிக்கறதுக்கு இல்லீங்க சாமி, விக்கறதுக்கும் இல்லீங்க. இது வரிங்க" என்றார். வந்த அதிகாரி சற்று நேரம் உட்கார்ந்து, என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு வழக்குப் போட்டார்.

என் கணவர் குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடந்த காலத்தில் எந்தப் போலீசாரும் அவரைத் தேடி வந்ததில்லை. அவர் முதன்முதலாக ஸ்டேஷன் வாசல்படி ஏறியது தெளிந்த புத்தியோடுதான். இப்போது ஜாமீனில் வந்து, தினமும் மலை இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். வழியில் மூன்று மதுக்கடைகள் இருக்கின்றன. இதுவரை தொடவில்லை. தினமும் அவர் வந்து செருப்பைக் கழற்றும்வரை எனக்கு உயிர் நிலையில் இருப்பதில்லை.

8. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

பானுமதிக்காகவும், எங்கள் நாட்டில் படுத்தே போக வேண்டியிருக்கும் மற்றவர்களுக்காகவும் வண்டியைத் திரும்ப அனுப்ப வேண்டும். இனி யாரும் வந்து பேச வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை அந்த இன்னொரு ஊரே வைத்துக்கொள்ளட்டும்.

என் கணவர் மீதுள்ள வழக்கை, அது வரி என்பதைக் கணக்கில் கொண்டு, விலக்கிக்கொள்ள வேண்டும்.

குடி குறைந்த ஊருக்கு வண்டி இல்லை என்பதுதான் விதி என்றால், வண்டி வருவதற்கு எங்கள் ஆண்கள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அம்மனிடம் பூப் போட்டு வாக்குக் கேட்டுப் பார்க்கிறோம். அம்மன் சம்மதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவை எதுவும் ஆகாது என்றால் கடைசியாக ஒன்று. போலீசார் பறிமுதல் செய்த பாட்டில்களில் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஆனால் அவற்றுக்கான வரி கடையில் கொடுத்த அன்றே அரசுக்குச் சேர்ந்துவிட்டது. அந்த வரியில் வண்டிக்கு உரிய பங்கு எவ்வளவு டீசலுக்கு ஆகும் என்று தங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கச் சொல்லவும். காரவள்ளியிலிருந்து எந்த வளைவு வரை அந்த டீசலில் ஏறி, இறங்க முடியுமோ, அந்த வளைவு வரை வண்டி வந்தால் போதும். மீதித் தூரம் மகளைத் தூளி கட்டி நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம். குடிக்காத ஆண்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள், கை நடுங்காது.

அந்த இடம் முப்பத்தெட்டாம் வளைவுக்கு மேலே இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அய்யா. டீசல் பற்றாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், தலைக்கட்டுக்கு இன்னொரு பாட்டில் வாங்கிவிடுகிறோம். அந்த ஒரு வளைவை அவள் வண்டிக்குள் படுத்துக்கொண்டு, எண்ணைப் பார்க்காமல் கடக்கட்டும்.

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
பொன்னம்மாள்

இடம்: பலாக்காட்டுப்பட்டி
நாள்: 19.12.2005