பொய்க் குறட்டை

அன்புள்ள வாலுவுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். இதற்கு அடுத்த வரியில் நீ நலமா என்று கேட்பதும், நீயும் நலம்தான் என்று ஒரு வரி போட்டுவிடுவதும் நமக்குள் வழக்கம். இந்தத் தடவை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. நீ ராத்திரியில் தூங்குகிறாயா இல்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டால், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேம்பா என்று சிரிக்கிறாய், நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், உன் அம்மாதான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த வீட்டில் தூக்கம் எங்களைப் படுத்திய பாட்டைக் கேள், இதில் பாதியை நாங்கள் உன்னிடம் சொல்லவே இல்லை.

அம்மாவுக்குத் தூக்கம் போனது உனக்குத் தெரியும். படுத்தால் கண் மூடாது, மூடினாலும் கோழித் தூக்கம், காலையில் கடைக்குப் போய் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டும் மேஜையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, மாத்திரைக்கு முன்னால் வேறொரு வழி இருக்கிறது, கெட்டுப்போன தூக்கப் பழக்கத்தைப் பழையபடி பழக்கிக் கொண்டுவர வேண்டும், அதற்குப் போனிலேயே பாடங்கள் வந்துவிட்டன, நாமே கேட்டு நாமே செய்யலாம் என்றார். மறுநாளே நீ தேடிப் பிடித்து அந்தச் செயலியை அனுப்பி வைத்தாய். தூக்கத்தைக் கெடுப்பதே போன்தானே, அது எங்கே தூங்க வைக்கப் போகிறது என்று நான் கேலி செய்தேன். ஆனால் அதில் பேசுகிற பெண் நல்ல பொறுமைசாலி, உன் அம்மா ஒரே கேள்வியை எத்தனை தரம் தட்டினாலும் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறாள், என்னைப் போல இல்லை.

முதல் பாடமே கட்டில் தூங்குவதற்கு மட்டும்தான் என்றது. நம் வீட்டுக் கட்டிலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. துணி மடிப்பது அங்கே, பேப்பர் படிப்பது அங்கே, அத்தையோடு சண்டை போட்டுப் போனை வைப்பது அங்கே, பழுதுபார்க்க வந்த தராசுகளின் ஸ்பிரிங்கும் தட்டும்கூட அதன் மேல்தான் கிடக்கும். எல்லாவற்றையும் கூடத்துக்கு மாற்றினோம், இப்போது கூடத்தில் கால் வைக்க இடமில்லை, கட்டில் மட்டும் வெறுமையாக ராஜா மாதிரி இருக்கிறது. தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும், படுத்தும் வரவில்லையென்றால் புரளாமல் எழுந்து வந்து உட்கார வேண்டும், எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், லீவு நாளிலும்தான், பகல் தூக்கம் கூடவே கூடாது. இதைவிட வேடிக்கை, கவலைப்படுவதற்கென்று சாயங்காலமே ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னதுதான். அம்மா கடையிலிருந்து வந்து டீயை வைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்பட ஆரம்பிப்பாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த கவலைகளை எடுத்துக் கொடுப்பேன். சுற்றிச் சுற்றி எல்லாம் உன்னிடம்தான் வந்து நிற்கும்.

நான் குட்டையைக் குழப்பியது இதற்குப் பிறகுதான். காலையில் எழுந்ததும் அந்தப் பெண் கேட்பாள், படுத்து எவ்வளவு நேரத்தில் தூங்கினீர்கள், நடுவில் எத்தனை தரம் விழித்தீர்கள் என்று. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாகச் சொன்னால் போதும் என்றும் சொல்வாள். குத்துமதிப்பு! கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்க்கிறவன் வீட்டில் குத்துமதிப்பா? எனக்குப் பொறுக்கவில்லை. நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கைக்கடிகாரத்தோடு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏங்க இது வேண்டாங்க, யாரோ பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு என்றாள் அம்மா. நான் கேட்டால்தானே. ஆனால் அதிசயம் பார், இரண்டாம் நாளே படுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது, மெல்லிய குறட்டைகூடக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் என் கணக்கை அப்படியே போனில் தட்டினோம், அருமையான முன்னேற்றம் என்று அது பூங்கொத்துப் படம் காட்டியது, அதை உனக்கு அனுப்பினேன், நீயும் கை தட்டினாய்.

ஆனால் ஆளைப் பார்த்தால் முன்னைவிட மோசம். ஒருநாள் கடையில் வலக் கண் லென்ஸை இடப்பக்கமும் இடக் கண் லென்ஸை வலப்பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டாள். வாங்கிப் போட்டுக்கொண்டவர் வாசல் படியிலேயே தடுக்கிவிட்டார், நல்லவேளையாக அடி படவில்லை. முதலாளியம்மா திட்டவில்லை, உடம்பு தேறுகிறவரை முன்னால் உட்கார்ந்து பிரேம் துடைத்து அடுக்குங்கள் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார், அந்தத் தன்மைதான் அம்மாவை நொறுக்கிவிட்டது. நான் போனை நீட்டி, இதில் நன்றாகத் தூங்குவதாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி இது என்று கேட்டேன். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நான் தூங்கினாத்தானே நீங்க அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுப் போய்ப் படுப்பீங்க, அதான் தூங்குற மாதிரி மூச்சு விட்டேன் என்றாள். அப்போ அந்தக் குறட்டை? என்று கேட்டேன். அதுவுந்தான் என்றாள். எத்தனை கடைகளில் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்தவன் நான், என் காதிலேயே பூச்சுற்றிவிட்டாள் உன் அம்மா. எனக்குக் கோபம் வரவில்லை. நான் தூங்க வேண்டும் என்று அவள் விழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

நாற்காலியைத் தூக்கிக் கூடத்தில் போட்டேன். கடிகாரத்தையும் கழற்றிவிட்டேன். நான் உன் அறையில் உன் சின்னக் கட்டிலில் படுக்கை போட்டுக்கொண்டேன், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பரவாயில்லை. முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள், இந்தத் தடவை குத்துமதிப்பாக, ஆனால் உண்மையாக. பூங்கொத்தெல்லாம் வரவில்லை. ஆரம்ப வாரங்களில் இன்னும் அசதியாக இருந்தது, அப்படித்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள் என்று அந்தப் பெண்ணும் சொன்னாள், டாக்டரம்மாவும் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இன்னும் சில ராத்திரிகள் எழுந்து வந்து உட்காரத்தான் செய்கிறாள், ஆனால் அதற்காகப் பயப்படுவதில்லை. இப்போது லென்ஸ் மேஜைக்கே திரும்பிவிட்டாள். அடுத்த அறையில் அவள் நிஜமாகவே குறட்டை விடுவது என் காதுக்கு வருகிறது, சொன்னால் அடிக்க வருவாள், நீயும் சொல்லிவிடாதே.

இனி உன் விஷயம். அம்மா தினமும் அதே நேரத்துக்கு எழுந்து முதல் வேலையாக, எழுந்துட்டேன் என்று உனக்கு ஒரு வரி அனுப்புகிறாள் அல்லவா, அடுத்த நொடியே உன்னிடமிருந்து இதயப் படம் வந்துவிடும். பார்த்தியா நம்ம பொண்ணுக்கு எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப்போவேன். ஒருநாள் அம்மா போனையே வெறித்துப் பார்த்துவிட்டு, ஏங்க, அவ இருக்கிற நாட்டுல இப்ப நடுராத்திரிங்க என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே அனுப்பாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நீயே, அம்மா இன்னும் எழுந்திருக்கலையா என்று கேட்டாய். இதற்கு மேலும் பூசி மெழுகாதே வாலு. விடிந்தால் தூங்காத கண்ணோடு காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வேலைக்குப் போகிறவள் நீ. அம்மாவுக்குத் தேடிப் பிடித்து வழி சொன்னவள் உனக்கு ஏன் அதைச் செய்துகொள்ளவில்லை? எங்களுக்குத் தெரிந்தால் நாங்கள் தூங்க மாட்டோம் என்றுதானே? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேம்பா என்று நீ சொல்கிறாயே, அது உன் அம்மா விட்ட குறட்டைதான் கண்ணே, வேறொன்றும் இல்லை. எங்களுக்காக நீ அப்படிக் குறட்டை விட வேண்டாம்.

அங்கே ஒரு டாக்டரை முதலில் பார், பார்த்துவிட்டு நீ அனுப்பிய அதே பாடத்தை நீயும் ஆரம்பி. ஆரம்பத்தில் அசதி கூடும் என்பதால் கொஞ்ச நாளைக்குக் காரைத் தொடாதே, பஸ்ஸில் போ. கவலைகளைச் சாயங்காலமே தீர்த்துவிடு, துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடு, எடுத்துக் கொடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. வேறு செய்தி ஒன்றும் இல்லை, அத்தைக்கும் அம்மாவுக்கும் மறுபடி ராசியாகிவிட்டது, எத்தனை நாளைக்கென்று தெரியாது.

நீ நல்ல உடம்போடும் நிம்மதியான மனசோடும் நீண்ட நாள் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காதே, அம்மா காலையில் அனுப்புகிற வரி இனியும் வரும், அதை அவள் நிறுத்தப் போவதில்லை. நீ பதில் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்றைக்குப் பதில் வரவில்லையோ அன்றைக்கு நாங்கள் பதறிப்போய்க் கூப்பிட மாட்டோம், பிள்ளை தூங்குகிறாள் என்று சத்தம் போடாமல் டீ குடிப்போம்.

இப்படிக்கு,
உன் சின்னக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும்
அப்பா