தரையில் இரண்டு வருடம்

மார்ச் 3, திங்கள்
விமானப்படைக் கடிதமும் கடற்படைக் கடிதமும் இன்று ஒரே தபாலில் வந்தன. இரண்டிலும் பைலட் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டேன். தரைப்படைக் கடிதம் போன வாரமே வந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விமானப்படைதான். ஜெட்தான். அப்பாவிடம் சொன்னேன். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிஃப்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். எல்லா டிரைவரிடமும் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் வேண்டுமே.

மார்ச் 5, புதன்
அம்மா சீருடைக் கடையில் தைக்கிறாள். மூன்று படையையும் அவளுக்குத் துணியாகத்தான் தெரியும். "கடற்படை வெள்ளையை ஒரு தடவை தோய்ச்சுப் பாரு, அப்புறம் பேசு. விமானப்படை நீலம் தோள்பட்டையில சீக்கிரம் வெளுத்துடும்." தரைப்படைப் பச்சை எப்படி என்றேன். "அதுல இடுப்புல ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டுத்தான் தைப்போம். ஒண்ணு இளைச்சு வருவாங்க, இல்ல பெருத்து வருவாங்க."

மார்ச் 8, சனி
என் தோழி ஒல்லியும் நானும் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். ஃப்ளையிங் கிளப்பில் எனக்கு அவள்தான் ஒரே போட்டி. அவளுக்கும் விமானப்படையில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு கூடத்தில் மூன்று மேசைகள். மூன்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: பறக்க முடியாமல் போனால் நான் என்ன வேலை பார்ப்பேன்?

விமானப்படைக்காரர் ஒளிக்காமல் பேசினார். "பத்துப் பேர்ல ரெண்டு பேருக்குத்தான் ஜெட். மத்தவங்களுக்குச் சரக்கு விமானம், ஹெலிகாப்டர். பறக்கவே வரலைன்னா ஆபீஸ்." அந்த இரண்டு பேரில் நான் இருப்பேன். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கடற்படைக்காரர், "கப்பல்ல வேலையா இல்லை?" என்றார். நேற்றுத்தான் இறங்கி வந்தவர் போல அலுப்பு.

தரைப்படை மேசையில் ஒரு பெண் கேப்டன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. "எங்ககிட்ட முதல்லயே பறக்காத வேலைதான். ரெண்டு வருஷம் தரையில ஒரு பிரிவுல இருக்கணும். அப்புறம்தான் ஹெலிகாப்டர் தேர்வு. அதுல தேறுவீங்கன்னும் சொல்ல முடியாது."

இரண்டு வருடம் பறக்காமல் இருப்பதற்கு நான் என்ன கோழியா? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்
நாள் முழுக்க கிளப்பில் பெட்ரோல் நிரப்பும் வேலை. கை இன்னும் நாறுகிறது. விமானப்படைச் சம்மதக் கடிதத்தில் பெயர் மட்டும் எழுதினேன்.

மார்ச் 15, சனி
இன்று என்ஜின் நின்றுவிட்டது.

நிதானமாக எழுதுகிறேன். காலை ஒன்பதே கால், தனியாகப் பறந்துகொண்டிருந்தேன், இரண்டாயிரம் அடி. இரண்டு முறை இருமியது. பிறகு சத்தமே இல்லை. காற்று மட்டும் கேட்டது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்தேன். திரும்ப உயிர்ப்பிக்கப் பார்த்தேன், வரவில்லை. ரேடியோவில் சொன்னேன். கீழே மூன்று இடம் தெரிந்தது: சாலை — லாரிகள். புல்வெளி — குறுக்கே மின்கம்பி. அறுவடையான ஒரு வயல். வயல் என்று முடிவு செய்த பிறகு மனசு மாறவேயில்லை. எதிர்க்காற்றில் திரும்பி, பெட்ரோலை மூடி, கதவைத் தளர்த்தி வைத்து... மூன்று குதி குதித்தது, நின்றது. ஒரு கீறல் இல்லை, எனக்கும் விமானத்துக்கும்.

டிராக்டர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். மூச்சு வாங்க, "இங்க ஏம்மா இறக்குன? ரோடு அந்தப் பக்கம் இருக்கே," என்றார். சிரித்துவிட்டேன். அவர் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடவே வாயில வெச்சுட்டேன், அவரே வாங்கித் திறந்து கொடுத்தார். பயமா அது? மேலே இருந்தபோது இல்லையே. அப்ப எங்கிருந்து வந்துச்சு?

மெக்கானிக் வந்து பார்த்தார். பெட்ரோல் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்ததாம்.

வீட்டில் பாதிதான் சொன்னேன். "கொஞ்சம் தள்ளி இறக்கினேன்" என்று.

மார்ச் 16, ஞாயிறு
அந்த வயலுக்குத் திரும்பப் போனேன். சக்கரத் தடத்தைக் காலால் அளந்தேன். இருபது அடி இடது பக்கம் போயிருந்தால் வாய்க்காலில் விழுந்திருப்பேன். மண் எங்கே இறுகியிருக்கிறது, எங்கே அமுங்குகிறது என்று குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம். அப்போது தலைக்கு மேல் ஒரு ஜெட் போனது. சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கா? நிமிரத் தோன்றவில்லையா?

மார்ச் 20, வியாழன்
கேப்டனுக்கு போன் செய்தேன். ஹெலிகாப்டரை எங்கெல்லாம் இறக்குவீர்கள் என்று கேட்டேன். "இறக்க இடமே இல்லாத இடத்துல," என்றார். "கீழ நிக்கிறவனுக்கு என்ன வேணும்னு தெரியாம அங்க போய் என்ன செய்வீங்க? அதுக்குத்தான் ரெண்டு வருஷம்."

மார்ச் 27, வியாழன்
தரைப்படைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வயல் கதையின் மீதிப் பாதியையும்.

அம்மா எழுந்து வந்து என் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். அப்பா, "டிப்போல ஜெட்டுன்னு சொல்லிட்டேனே," என்றார்.

"நீங்கதானப்பா சொன்னீங்க. நீங்களே மாத்திச் சொல்லுங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க எடுக்கலைன்னா?"

"எடுப்பாங்கப்பா."

சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்: "ஹெலிகாப்டருக்கு ஹார்ன் உண்டா?"

மார்ச் 29, சனி
ஒல்லியிடம் சொல்வதுதான் கஷ்டம். "பைத்தியமாடி உனக்கு? சேர்ந்து போறதுன்னுதானே பேச்சு?" என்றாள். ஆமாம், பேச்சு அதுதான். "உன்னைவிட நான் நல்லா ஓட்டுவேன்னு ஒத்துக்கிட்டுப் போடி," என்றாள். ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சிரித்தாள், கண் சிவந்திருந்தது. எனக்கும்தான்.

மார்ச் 31, திங்கள்
தரைப்படைக்கான சம்மதக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். நன்றாகப் பசித்தது.

அக்டோபர் 5
இரண்டரை வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. கையெழுத்து அசிங்கமாகிவிட்டது, இப்போதெல்லாம் தொடையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இருபத்தெட்டு பேர் கொண்ட பாலம் கட்டும் பிரிவுக்கு நான் பொறுப்பு. வெள்ளத்தில் பழைய பாலம் போய்விட்டது. அக்கரையில் இருப்பவர்கள் கயிறு கட்டிய படகில்தான் வந்து போகிறார்கள், கர்ப்பிணிகள் உட்பட. நாங்கள் போடும் இரும்புப் பாலம் ஏழு துண்டு. நான்கு முடிந்திருக்கிறது.

மாலையில் மேலதிகாரி கூடாரத்துக்குக் கூப்பிட்டார். ஹெலிகாப்டர் தேர்வு முடிவு. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பன்னிரண்டாம் தேதி பயிற்சியில் சேர வேண்டும்.

"என் இடத்துக்கு யார் சார் வர்றாங்க?" என்றேன்.

"இன்னும் யாரும் இல்லை. ஒரு மாசம் ஆகும்."

"அப்ப நான் ஜனவரி அணியில சேர்ந்துக்கிறேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இடம் உனக்காகக் காத்திருக்காதும்மா. ஜனவரி அணிக்கு மறுபடியும் தேர்வு எழுதணும்."

"எழுதறேன் சார்."

அந்தத் தேர்வுக்கான விண்ணப்பத்தை அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது என் பிரிவு ஹவில்தார் ஆற்றில் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அரை அடி இறங்கியிருக்கிறதாம். ஐந்தாவது துண்டை நாளைக் காலை ஆறு மணிக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.