கையெழுத்துப் போடாத சரக்கு

மார்ச் 4, செவ்வாய்
மனைவியின் கழுத்துக் கட்டியை அடுத்த வாரம் அறுத்து எடுக்கிறார்கள். கெட்ட கட்டியா என்பது எடுத்த பிறகுதான் தெரியுமாம். குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, குரல் போனாலும் போகலாம் என்றார் டாக்டர். "போனா என்ன, இவருக்கு வீட்டுல நிம்மதி கிடைக்கும்" என்றாள் இவள். ஞாயிறு ஆராதனையில் சபைக்கே பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் பேசுகிற பேச்சா இது? டாக்டர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

மார்ச் 5
கடையில் கண்ணாடி அறுக்கும்போது கவனம் எங்கேயோ. கோடு கோணி, ஒரு முழுத் தகடு வீண்.

மார்ச் 7, வெள்ளி
சாயங்கால ஜெபத்தில் இவள் நன்றி ஸ்தோத்திரம் சொன்னாள். குழாயில் வெந்நீர் வந்ததற்கு. மகள் போன் பண்ணியதற்கு. கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! "நீங்களும் சொல்லுங்க" என்றாள். "நல்லபடியா முடியட்டும், மொத்தமா சொல்றேன்" என்றேன். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்க்காமல் லாரிக்காரரிடம் 'சரக்கு வந்து சேர்ந்தது' என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படித்தான் பிழைத்தேன். கடவுளிடம் மட்டும் வேறு மாதிரியா?

மார்ச் 9, ஞாயிறு
சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்துவிட்டேன். நல்ல கட்டியாக இருந்து, குரலும் தங்கினால், சபையின் முன் ஜன்னல் முழுக்கப் புதுக் கண்ணாடி, என் செலவு என்றேன். வெளியே வரும்போது வாசலிலேயே இவள் பிடித்துக்கொண்டாள்.
"என் தொண்டைய வச்சா பேரம் பேசினீங்க?"
"பேரம் இல்லம்மா, பொருத்தனை. கடவுளுக்கு நேர்ந்துக்கிட்டேன்."
"இப்படி இருந்தா, அப்படி தங்கினாங்கறது பொருத்தனையா? கொட்டேஷன்!"
பயமா இருக்குடி, அதான் — என்று சொல்லியிருக்கலாம். குனிந்து செருப்பைத் தேடினேன்.

மார்ச் 11
நாளைக்கு ஆபரேஷன். ஜெபத்தில் எனக்காகக் காத்திருந்தாள். என்னத்தைச் சொல்வது? சட்டென்று பழைய தள்ளுவண்டி ஞாபகம் வந்தது. கடை இல்லாத காலம். நான் கண்ணாடியைத் தள்ளுவேன். இவள் முன்னால் பாடிக்கொண்டே நடப்பாள், கூட்டம் விலகும். மணி வாங்கக்கூட வக்கில்லை, இவள் தொண்டைதான் மணி. அந்தக் குரல் எப்போதோ வந்து இறங்கிய சரக்கு. பிரித்து, வாழ்நாளெல்லாம் அனுபவித்தும் விட்டேன். கையெழுத்துத்தான் போடவில்லை. அதைச் சொன்னேன். முழுசாகச் சொல்ல முடியவில்லை. "போதும், ஆமென்" என்றாள்.

மார்ச் 13
கண் விழித்துவிட்டாள். பேசினால் காற்றுதான் வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு
ரிப்போர்ட் வந்தது, நல்ல கட்டிதான். குரல் திரும்புமா, டாக்டருக்கே தெரியவில்லை. பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் நேற்றுச் சாப்பாட்டில் உப்பு ருசித்தது.
ஜன்னலை அளக்க டேப்போடு சபைக்குப் போனேன். "அண்ணே, அக்காவுக்குக் குரல் இன்னும் வரலையே?" என்றார் போதகர். "ஏணியைப் பிடிங்க ஐயா" என்றேன்.
இவள் காதருகே கிசுகிசுத்து, நான் ஒத்துக்கொண்டது: ஜன்னல் கண்ணாடி, 'இருந்தால்' எதுவும் இல்லாமல். தினமும் ஜெபத்தில் நான் ஒரு ஸ்தோத்திரம், கைக்கு வந்து சேர்ந்ததற்கு மட்டும். ஒருமுறை சொன்னது மறுபடி செல்லாது. ஆமென் அவள் பொறுப்பு — காற்றாக வந்தாலும்.