துரைசாணியின் பன்னிரண்டு சட்டிகள்

1952 அக்டோபர் 9, வியாழன்

விடியற்காலையிலிருந்து தூறல். ஹட்டன் பஸ் வரவில்லை, தபாலும் இல்லை. பத்து மணிக்குத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஆள் வந்தது: துரையின் மனைவி, துரைசாணி, கூப்பிடுகிறார். கிளார்க்குகளில் என் கையெழுத்துதான் அழகு என்று துரை சொன்னாராம்.

பங்களாக் கண்ணாடி வீட்டில் பன்னிரண்டு சட்டி. ஸ்னோடிராப் என்ற குளிர்தேசத்துப் பூ. சீமையிலிருந்து துரைசாணியின் அக்கா அனுப்பிய கிழங்குகள். எல்லாமே அக்டோபரில் பூக்கிற ஜாதி. கூரை ஒழுகி, பெயர்ச்சீட்டுகளில் மை கரைந்துவிட்டது. எது எந்த வகை என்று புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஞாயிறன்று நுவரெலியாவிலிருந்து பூ தெரிந்த வெள்ளைக்காரக் கிழவி வருகிறாள்.

"முடியும்" என்றேன். வெங்காயப் பூவுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

அக்டோபர் 10

மழை. பல்வலி. புத்தகத்தில் குறித்தது:

கிரேக்க வகை – இலை வருமுன் பூ.
கோர்ஃபு வகை – இலையும் பூவும் சேர்ந்து.
துருக்கி வகை – அகன்ற இலை, ஒன்றை ஒன்று சுற்றி.

படிக்கச் சுலபம். பூத்த சட்டிகளைப் பார்த்தால் எல்லாம் வெள்ளை, எல்லாம் தலைகுனிந்து, உள்ளே ஒரு பச்சைப் பொட்டு. இரண்டு மணி நேரம் வீண்.

பூந்தோட்டத்தில் வேலை செய்யும் மாரியாயி எட்டிப் பார்த்தாள். கொழுந்துக் கூடையோடு விழுந்து கால் ஊனமானதிலிருந்து ஆறு வருஷமாக இங்கேதான்.

"கிளாக்கரையா, இது மொட்டையா பூக்கிறதுங்க. இது இலையோட வர்றது. அந்தா அது, ஒரு இலை இன்னொண்ணைப் போத்திக்கிட்டு வரும், பாருங்க."

பத்துச் சட்டிக்குச் சொன்னாள். மற்ற இரண்டும் இன்னும் வெறும் மண். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

அக்டோபர் 11, சனி

துரைசாணிக்கு ஒரே சந்தோஷம். "எல்லாம் நீயே கண்டுபிடித்தாயா?" ஆமாம் என்றேன்.

மாரியாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என்னவோ விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே, "நான்தானுங்க ஐயாவுக்குக் காட்டிக் குடுத்தேன்." சமையல்கார அப்பு அதை அப்படியே மொழிபெயர்த்தான்.

துரைசாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புல் பிடுங்குகிறவள் என் கிளார்க்குக்கு வாத்தியார்!" அப்புவும் சிரித்தான். மாரியாயியும்.

சாயந்தரம் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். ஏழு மணிக்கே கண்ணாடி வீடு. யாருமில்லை. இரண்டு சட்டியின் சீட்டுகளை மாற்றி வைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

பதினொன்றுக்குக் கிழவி வந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "டியர், இது கிரேக்கமா? இந்த இலையைப் பார்." துரைசாணியின் கழுத்து சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெண் சொன்னதைத்தான் எழுதினேன். நம்பியது என் தப்பு."

அப்பு மாரியாயிக்குச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். "நேத்து சரியா இருந்துச்சுங்களே, ஐயா." அவ்வளவுதான்.

நாளையிலிருந்து அவள் மலைக்கு, கொழுந்து பறிக்க. துரைசாணி உத்தரவு.

அக்டோபர் 13

காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, அவள் பெயரைக் கூப்பிட்டதும் நான்தான். ஏழாம் நம்பர் மலை. இருப்பதிலேயே செங்குத்து. சாயந்தரம் கங்காணி சொன்னார்: "காலை இழுத்துக்கிட்டு ஏறுது, பாவம். ரெண்டு தடவை விழுந்திருச்சு."

பல்வலி குறைந்திருக்கிறது.

அக்டோபர் 15

மண்ணாக இருந்த இரண்டு சட்டியிலும் பூ. துரைசாணி: "இந்தத் தடவை நீயே பார். நாளைக்குள்." குட்டி இலை, பூ, இரண்டுமே. கிரேக்கமா, கோர்ஃபுவா? புத்தகம் உதவவில்லை.

ஒவ்வொன்றிலும் ஒரு பூவை இலையோடு கிள்ளி, கைக்குட்டையில் சுற்றி ஏழாம் நம்பருக்கு ஏறினேன். மாரியாயி முழங்காலில் துணி கட்டியிருந்தாள். கொழுந்து பறிப்பதை நிறுத்தவில்லை. நீட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் மொட்டையா பூக்கிறதுதானுங்க. பூ பிந்திப்போச்சு, அதனால இலை எட்டிப் பாக்குது."

திரும்பியபோது கூப்பிட்டாள். "ஐயா, அம்மாகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? இந்தக் காலோட முடியலீங்க."

சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 16

பனிமூட்டம். சீட்டுகளைக் கொடுத்தேன். துரைசாணி தடித்த புத்தகத்தில் அரை மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "சரி. இரண்டும் சரி" என்றார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது, பீங்கான் கோப்பையில்.

அவரே கேட்டார்: "அந்த நொண்டிப் பெண் பாவம். திரும்பக் கூப்பிடலாமா?"

கோப்பையை வைத்தேன்.

"வேண்டாம், மேடம். அவளுக்குக் கண் சரியில்லை."