லேப் அக்காவுக்கு இடம் கிடைத்தது

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் நீ குறுக்கே நாலு வரி சொல்வாய், காகிதத்தில் அது நடக்காது, அதற்காகத்தான். பயப்படாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, அதை எனக்கு நிரூபிப்பதற்காகவே நேற்று மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். குளியலறைக் குழாய் ஒருவழியாக ஒழுகுவதை நிறுத்திக்கொண்டது. உன் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் சாமான்களைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேலே ஏற்றிவிட்டோம், ஏனென்றால் இப்போது அந்த மேசையில் நான்தான் படிக்கிறேன். ஆமாம், படிக்கிறேன். விஷயமே அதுதான்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கென்று இரண்டு வருட முதுகலைப் படிப்பு இருக்கிறதே, அதற்கு நான் விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது. போன வருஷம் இதைப் பற்றி லேசாக வாயெடுத்தபோது, "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல பரீட்சையும் கிரீட்சையும், பேசாம நீயும் அப்பாவும் இங்க வந்துடுங்க, நான் பாத்துக்கிறேன்"னு நீ சொன்னாய். நானும் சரி என்கிற மாதிரி சிரித்து வைத்தேன். அது பொய்ச் சிரிப்பு. நீ கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் பிரசவ லீவில் போனது உனக்குத் தெரியும். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் வந்தார், சின்ன வயசு, வேறு பாடம் படித்தவர். முதல் நாள் லேபில் நான் வழக்கம்போலப் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லப் போக, அத்தனை பேர் முன்னாலும், "அக்கா, நீங்க பாட்டிலை மட்டும் எடுத்து வச்சாப் போதும், விளக்கம் நான் சொல்லிக்கிறேன்" என்றார். சரி, அவர் வகுப்பு, அவர் பாடு என்று ஒதுங்கிக்கொண்டேன். அன்றைக்கு மயில்துத்தத்தைச் சூடு பண்ணும் பாடம். அந்த நீலப் பொடியைச் சூடாக்கினால் அதற்குள் இருக்கிற தண்ணீர் போய் வெள்ளையாகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம் வந்துவிடும். பார்க்க அவ்வளவு அழகு. அவரோ, நிறம் எரிந்துபோய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார். நாற்பது பிள்ளைகளும் குனிந்து அதை அப்படியே நோட்டில் எழுதினார்கள். சொட்டுக்குழாய் என் கையிலேயே இருந்தது கண்ணு, அதில் தண்ணீரும் இருந்தது. நான் நீட்டவில்லை. லேப் அக்கா என்பவள் பாட்டில் எடுத்து வைப்பவள் என்று நானே நினைத்துவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை, என்மேல்தான் வந்தது. கெமிஸ்ட்ரி பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷமாக அதே அறையில் இருந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட எனக்குத் தைரியம் இல்லையே. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன், அவரும் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு "தேங்க்ஸ்க்கா" என்றார். நல்ல பையன்தான், பாவம். ஆனால் அன்று மதியமே ஹெட்மாஸ்டரிடம் போய் விண்ணப்பத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். அவர் முதலில், "அப்ப லேப் சாவியை யார்கிட்டம்மா குடுக்கிறது?" என்றார், அப்புறம்தான் வாழ்த்துச் சொன்னார்.

இனிமேல்தான் கதையே. அந்தப் படிப்பில் சேர, மூன்று பேராசிரியர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, முன்பின் தெரியாத ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நான், ஒரு திரவம் அமிலமா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பாடத்தை எடுத்துக்கொண்டேன். எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஐந்து மேசைக்கும் பாட்டில், நம்பர் ஒட்டியது, லிட்மஸ் தாளை அளவாக வெட்டி வைத்தது, எல்லாம் கனகச்சிதம். ஒரு துளி சிந்தவில்லை, நாலு நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டேன். எனக்கு உள்ளூர ஒரே பெருமை. பேராசிரியர்களில் மூத்த அம்மா, கிராப்பு வெட்டிய நரைத்த தலை, மெதுவாகக் கேட்டார், "எல்லாம் சரியா வந்துச்சு, எனக்கு அதுலதான் சந்தேகம். ஒருத்தர்கூடத் தப்பு பண்ணலையே, அப்ப யாருக்கு என்ன புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" பிள்ளைகள் செய்ய வேண்டியதை எல்லாம் நீங்களே செய்துவிட்டீர்கள், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, இது நமக்கு ஒத்துவராது, விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னார், "எதுவும் தப்பாப் போகாம பாத்துக்கிறதுக்குத்தான் உனக்கு இத்தனை வருஷம் சம்பளம் குடுத்தாங்க. அதை ஒரே நாள்ல மறக்கச் சொன்னா எப்படி? மூணு வாரம் இருக்குல்ல?" அதோடு விட்டாரா? தினமும் டிப்போவில் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் என் மாணவனாக உட்கார்ந்துகொண்டார். பேனாவைக் கடிப்பார், ஜன்னலைப் பார்ப்பார், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார், திருத்தப் போனால், "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று எழுந்துவிடுவார். முதல் வாரம் அவரைப் பிரம்பால் அடிக்கலாமா என்றிருந்தது. இரண்டாவது வாரத்தில், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று காத்திருந்து பார்க்கப் பழகிவிட்டேன். அவர் சொன்ன ஒரு தப்பில் எவ்வளவு யோசனை இருந்தது தெரியுமா, நுரை வருவதெல்லாம் அமிலம் என்று நினைத்திருக்கிறார் மனிதர், சோடா குடித்த அனுபவத்தை வைத்து.

இரண்டாவது முறை போனபோது பாட்டில்களைக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், "மிஸ், உப்புத் தண்ணியும் அமிலம்தான், நீலத்தாள் சிவப்பாயிடுச்சு" என்று கத்தினாள். எலுமிச்சைச் சாற்றில் விட்ட குச்சியைக் கழுவாமல் உப்புத் தண்ணீரில் விட்டிருக்கிறாள், எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது கண்ணு. விழுங்கிக்கொண்டேன். "அப்படியா, மத்த மேசையில என்ன வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், சந்தைக்கடை. எங்களுக்கு மாறவில்லை என்று ஒரு மேசை, உங்கள் தாள் பழசு என்று இன்னொரு மேசை, பாட்டிலை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று என்மேலேயே ஒரு புகார். இந்தச் சத்தத்திலேயே என் சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் அடித்துக்கொண்ட பிறகு அந்தப் பெண்ணே திடீரென்று குச்சியைத் தூக்கிப் பார்த்தாள், போய்க் கழுவிக்கொண்டு வந்தாள், புதுத் தாளில் மறுபடி தொட்டாள். தாள் நீலமாகவே இருந்தது. அவளுக்கு வெட்கமே இல்லை, அடுத்த மேசைக்குப் போய்த் தான் எப்படி ஏமாந்தோம் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கரும்பலகையில் நான் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை. நரைத்த தலை அம்மா கேட்டார், இதே வகுப்பை மறுபடி எடுத்தால் எதை மாற்றுவீர்கள் என்று. "குச்சியைக் கழுவுங்கன்னு முன்னாடியே சொல்ல மாட்டேன் மேடம், இன்னும் பத்து நிமிஷம் கூடக் குடுங்கன்னு கேப்பேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். எட்டாம் நாள் கடிதம் வந்தது.

முதல் வருஷம் வாரத்தில் நாலு நாள் வகுப்பு, இரண்டாம் வருஷம் முழுக்க ஒரு பள்ளியில் அனுபவமுள்ள டீச்சருக்குப் பக்கத்தில் நின்று வேலை. முடிக்கும்போது எனக்கு ஐம்பத்தொன்று. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் சொந்தமாக வகுப்பு நடத்தலாம். அது எனக்குப் போதும். செலவை நாங்கள் பார்த்துக்கொள்வோம், அதில் நீ தலையிடாதே. ஏழாவது படிக்கும்போது நீ அறிவியல் கண்காட்சிக்குக் காற்றாலை மாடல் செய்தாயே, பல்பு எரியவில்லை என்று அழுதாய், நீ குளிக்கப் போன நேரத்தில் நான் ஒயரைச் சரியாக மாட்டிவைத்துவிட்டேன். பரிசும் கிடைத்தது. அந்தக் கோப்பையை நீ ஒருவரிடமும் காட்டவில்லை, ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது நீ எனக்கு ஒயர் மாட்டிக் கொடுக்கப் பார்க்கிறாய். பாசம்தான், எனக்குத் தெரியாதா? இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்து எங்களுக்காகவே பிடித்திருக்கிறாய் என்று நினைத்தால் மனசு கொஞ்சம் பிசையத்தான் செய்கிறது. விடுமுறையில் வருகிறோம், ஒரு மாதம் இருக்கிறோம். குடியிருக்க வரவில்லை.

இனி ஆக வேண்டிய காரியத்துக்கு வருகிறேன். போன முறை வந்தபோது, எங்களுக்குக் குடியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பச்சை ஃபைல் ஒன்றைக் கொண்டுபோனாய் அல்லவா, அதில் என் பட்டச் சான்றிதழின் அசல் இருக்கிறது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் அதை இங்கே கல்லூரியில் காட்ட வேண்டும். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து இன்னொன்று வாங்கலாம் என்று அப்பா சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, அது தொலையவில்லை, என் பிள்ளையிடம் பத்திரமாக இருக்கிறது. உன் கையால்தான் வர வேண்டும். கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டு, கேட்டுக்கொள்கிறேன், ஆனால் தபாலில் சேர்த்துவிட்டுத் திட்டு.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சான்றிதழை மடிக்காதே, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா