மயூரி வாசித்த முதல் வரி

ரீச்சர்,

தை பிறக்கப்போகிறது, புது வகுப்புகள் தொடங்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணி மேசை முழுக்கக் குவிந்து கிடக்கிறது. புதுத்துணியின் கஞ்சி மணம் வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. மெஷினை மிதிக்க மிதிக்க மத்தியான வெக்கையில் கண் மெல்லச் சொருகும். அப்போது வாசலில் உங்கள் ஸ்கூட்டி வந்து நிற்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் வெயில்தான் நிற்கிறது.

மயூரி ஏழாம் ஆண்டுக்குப் போகிறாள். இந்த முறையும் அவள் சட்டைக்கு அடியில் அகலமாக மடிப்பு விட்டிருக்கிறேன், வளர வளரப் பிரித்து இறக்கலாம் என்று. இந்த மடிப்பை வைத்துத்தானே ஒருநாள் என்னை மடக்கினீர்கள்? "பிள்ளை வளரும் எண்டு நம்பித்தானே இவ்வளவு துணியை உள்ளுக்க விடுறியள், அக்கா? நாளைக்கே வளர் எண்டு பிடிச்சு இழுக்கிறேல்லையே?" என்றீர்கள். நான் குனிந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினேன். என் வாயை மடக்குவது எவ்வளவு அபூர்வம் என்று இந்த ஊருக்கே தெரியும்.

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம் அது. மயூரி அங்கேயே பிறந்தவள். வயதைப் பார்த்து நாலாம் ஆண்டில் சேர்த்தார்கள். ஆனால் ஒரு சொல்கூட வாசிக்க வராது. அங்கே பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, போன நாளில் அடி. புத்தகத்தைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர்தான். "இரண்டாம் ஆண்டில இருத்துவம், பிள்ளைக்கு அதுதான் லேசு" என்றார். மயூரி வீட்டுக்கு வந்து வாசற் படலையைப் பிடித்தபடி, "சின்னப் பிள்ளையளோட இருத்தினா நான் இனிப் போகமாட்டன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா? அப்படி இடையில் நின்ற பிள்ளைகளை முகாமில் நிறையப் பார்த்தவள் நான். ஒருவரும் திரும்பிப் போனதில்லை. பயத்தில் உங்களிடம் ஓடிவந்து சொன்னேன்.

நீங்கள்தான் அதிபரிடம் போய் நின்றீர்கள். "இந்த வருசம் முடியுமட்டும் என்ர வகுப்பில இருக்கட்டும், சேர். நான் பொறுப்பு."

உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை இருந்தது. வாசிக்க ஆசை வந்த பிள்ளை தானாக வந்து அதில் குந்தி இருந்து வாசிக்கலாம். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டீர்கள். தைத்த சட்டைகளைக் கொடுக்க வருகிற சாட்டில் நான் அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். யார் யாரோ அந்தக் கதிரையில் இருப்பார்கள். என் பிள்ளை மட்டும் கடைசி வரிசை வாங்கில் நாடியில் கைவைத்துக்கொண்டு இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவளை ஒருக்காக் கூப்பிட்டாத்தான் என்ன, ரீச்சர்?" என்று கேட்டேன்.

"அவ கேட்டுக்கொண்டிருக்கிறா, அக்கா. உங்களுக்குத் தெரியேல்ல, மற்றப் பிள்ளையள் வாசிக்கேக்க அவவின்ர சொண்டும் அசையுது."

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவீர்கள். இப்போதும் இலுப்பைக்கடவைக் கரைப் பக்கம் போனால் எனக்கு அதுதான் தெரியும். அலையே இல்லாத கடல், பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம், சேற்றில் கால் புதைய வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தூரத்தில் கரைந்துபோகும். எல்லாருக்கும் பின்னால் மயூரி நண்டு வளைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருவாள். அவளுக்கும் பின்னால் நீங்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நேரம் என்று ஒன்று இல்லாததுபோல. நானும் ஒருநாள் கூட வந்தேன். "கெதியா நட, பிள்ளை!" என்று என் வாய் சும்மா இருக்காமல் கத்தியது. நீங்கள் சிரித்தீர்கள். "கடல் எங்கயும் போகாது, அக்கா."

ஓகஸ்ட் லீவுக்கு மன்னாருக்குப் போகும்போது என் வாசலில் நின்று சொன்னீர்கள். "நெஞ்சுக்க ஒரு நோ. மருந்தெடுத்துக்கொண்டு வாறன். மயூரியை அவசரப்படுத்தாதேங்கோ." அதுவரைக்கும் அவள் அந்தக் கதிரையில் ஒருநாளும் இருந்ததில்லை. வருடம் முடிய ஒரு தவணைப் பள்ளிக்கூடம்தான் மிச்சம்.

லீவு முடியுமுன்னே செய்தி வந்தது. மயூரியிடம் எப்படிச் சொல்வது? சட்டையை மாற்றச் சொல்லி, மன்னாருக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லிச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் இருத்திவைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் சந்திக் கடைச் சுவரில் உங்கள் படம் ஒட்டியிருந்தது. "அம்மா, ரீச்சற்ற படம்! ரீச்சருக்கு ஏதோ பரிசு கிடைச்சிருக்கு!" என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் போய்ச் சேருமுன் விரலைச் சுவரில் வைத்துவிட்டாள்.

"க... ண்... கண்... ணீ... கண்ணீர்."

இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மிச்சத்தை நானே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் போய் நின்றேன். என் பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாக வாசிக்கிறாள், ரீச்சர், அதுவும் இதை. பஸ் வந்து நின்றது. "வாறியளோ, இல்லையோ?" என்று கொண்டக்டர் கத்தினான். போகச்சொல்லிக் கை காட்டினேன். விரல் ஊர்ந்து ஊர்ந்து போனது. அஞ்சலி. எங்கள். அன்பு. ஆசிரியை. பிறகு உங்கள் பெயர். அங்கே விரல் நின்றது.

மறுபடியும் முதல் சொல்லுக்கு விரலைக் கொண்டுபோனாள். திரும்பியபோது முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"அம்மா, நான் பிழையா வாசிச்சிட்டன் போல. நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ."

பிழை என்று சொல்ல என் மனம் எவ்வளவு துடித்தது தெரியுமா? அவளை அணைத்துக்கொண்டு, "இல்லையம்மா, சரியாத்தான் வாசிச்சனி" என்றேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த தவணை அவளை யாரும் கீழ் வகுப்புக்கு அனுப்பவில்லை. அதிபருக்கு முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் வாசித்ததை ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சந்தியில் நின்றபடி நான் முதலில் யாருக்குச் சொல்ல நினைத்தேனோ, அந்த ஆளுக்கு மட்டும் இன்னும் சொல்லி முடியவில்லை. அவள் ஒரு எழுத்தும் பிழைவிடவில்லை, ரீச்சர்.