யாரும் கொட்டாத தண்ணீர்

உன் மகள் நேற்றுக் காலையில் வந்து, கோயிலில் கால் கழுவுகிற அந்தப் பேசினை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். "உடைச்சவங்களே வச்சுக்கங்க பெரியப்பா" என்றாள். சிரித்தாளா, கோபித்தாளா தெரியவில்லை. உன் முகத்திலும் அது தெரியாது.

வெள்ளை எனாமல், நீல விளிம்பு, அங்கங்கே பெயர்ந்து கறுத்த திட்டுகள். அடியில் புதிதாக ஓர் ஓட்டை. முகர்ந்து பார்த்தேன். இரும்பும் சவுக்காரமும் கலந்த பழைய வாசனை அப்படியே இருக்கிறது. எப்படி உடைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தப்பெல்லாம் என்னுடையது என்று அவள் உன் கல்லறையில் போய்ச் சொல்லியிருப்பாள். நம்பாதே. பாதிதான் என்னுடையது.

நீ போய் ஒரு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என்னோடு மல்லுக்கட்ட இந்த ஊரில் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் கீழத்தெரு. ஒரே வயலில் நட்டோம், ஒரே களத்தில் அடித்தோம், விவசாயக் கூலிச் சங்கம் வந்தபோது ஒரே நாளில் பேர் கொடுத்தோம். கோயில் மட்டும்தான் வேறு. எனக்குக் கோயிலே கிடையாது. நீ உன் அப்பன் காலத்திலிருந்தே வேதக்காரன். சர்ச்சில் மணி அடிப்பாய், வாசல் கூட்டுவாய், செத்தவர்களுக்குக் குழி வெட்டுவாய். பூசை நேரத்தில் கடைசியில், தரையில் உட்காருவாய். முன்னால் இருந்த பெஞ்சுகள் மேலத்தெருக்காரர்களுக்கு. அவர்களும் வேதக்காரர்கள், ஆனால் நிலம் உள்ளவர்கள். ஒரே சாமியைக் கும்பிட்ட இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. செத்தபிறகும் கல்லறையில் நடுவே ஒரு சுவர் இருந்தது.

உன்னை மடக்குவதற்காகவே உன் வேதப்புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பள்ளிக்கூடம் போகாதவன் நான். சுவரொட்டியிலும் டீக்கடைப் பேப்பரிலும் எழுத்துக் கூட்டிப் பழகியவன். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். என் கேள்வி ஒன்றுதான். உங்கள் வேதம் அன்பு, சமாதானம், பொறுமை என்கிறது. சரி. அதை ஏன் எப்போதும் எங்கள் தெருவைப் பார்த்தே சொல்கிறார்கள்? மேலத்தெருவுக்கு யாராவது பொறுமையைப் போதித்துக் கேட்டிருக்கிறோமா?

களை பறித்துக்கொண்டே கேட்டேன். "மறு கன்னத்தையும் காட்டச் சொல்றாரே ஒங்க ஆளு, அது யாருக்குடா? அடிக்கிறவனுக்குக் கன்னமே கிடையாதா?"

நீ நிமிரவில்லை. "கன்னத்தைக் காட்டுறவன் ஓடலையேடா. அங்கேயேதானே நிக்கிறான்."

"நின்னு?"

"நின்னு அவன் மூஞ்சியப் பாக்குறான். அடிக்கிறவனுக்கு அதான் கஷ்டம்."

எனக்கு அது பதிலாகவே படவில்லை. கோயிலில் சேசுநாதர் மேசைகளைக் கவிழ்த்த கதையை எடுத்துப்போட்டேன். "பாத்தியா, சாட்டையை எடுத்திருக்காரு" என்றேன். "எடுத்தாரு. கவுந்தது மேசைதானே?" என்றாய். உன்னை ஜெயிக்க முடியாது.

பெரிய வியாழனன்று உங்கள் கோயிலில் பாதம் கழுவுவார்கள். சேசுநாதர் தன் சீடர்களுக்குக் கழுவியதுபோல, சாமியார் முட்டிபோட்டுப் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். பன்னிரண்டு பேரும் மேலத்தெரு. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று நாற்காலிகூடப் பரம்பரையாக இருந்தது. தண்ணீர் அவர்கள் கிணற்றிலிருந்து வரும். நீ இறைத்தால் ஆகாது. கழுவி முடிந்த அழுக்குத் தண்ணீரைப் பேசினோடு தூக்கிப்போய் வேலி ஓரம் கொட்டுவது மட்டும் உன் வேலை. இருபது வருஷம் கொட்டினாய்.

சென்னையில் ஆட்சி மாறி, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்த காலம் அது. நம் பக்கம் அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு. மேலத்தெரு வெளியூர் ஆளை இறக்குவதும் நாம் வரப்பில் மறிப்பதுமாக இருந்தது. உன் குடிசை மேலத்தெரு நாட்டாண்மையின் தோப்பு ஓரத்தில் நின்றது. உன் தாத்தா போட்ட மண்சுவர். தாசில்தார் விசாரணைக்கு வரப்போகிறார் என்றதும் நாட்டாண்மை, "எனக்கு ஆட்சேபனை இல்லைப்பா" என்று தலையசைத்து வைத்திருந்தார். அந்தத் தலையசைப்பில்தான் உன் வீடு நின்றது.

அப்போது பார்த்து உனக்கு ஆசை வந்தது. புதிதாக வந்த சாமியாரிடம் போய், "பன்னிரண்டுல ஒரு நாற்காலி எங்க தெருவுக்கு வேணும் சாமி" என்று கேட்டாய். அவர் நல்லவர், பயந்தவர். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா. ஊர் அமைதி கெட்டுடும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் மேல் பாதி, உன் மேல் பாதி. "இப்ப எதுக்குடா இது? முதல்ல பட்டா, அப்புறம் பாதம். பட்டா கைக்கு வரட்டும். சங்கத்து ஆளுங்களோட கொடி பிடிச்சு வந்து கோயில் வாசல்ல நிக்கிறேன்" என்றேன்.

"பட்டாவை மடியில வச்சுக்கிட்டுக் கேட்டா அதுக்குப் பேரு தைரியமில்லடா, தெனாவட்டு" என்றாய். "கொடியோட வந்தீன்னா சண்டை கொடிக்கும் கோயிலுக்கும்னு ஆயிடும். இது எனக்கும் அந்தத் தண்ணிக்கும்."

உன் பெண்சாதி என் வீட்டுக்கு வந்து அழுதது உனக்குத் தெரியாது. "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. மூணு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எந்த வரப்புல போயிப் படுப்பேன்?" நான் சொன்னதை நீ எந்தக் காலத்தில் கேட்டாய்?

அந்த வியாழன் சாயங்காலம் நான் கோயிலுக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாவது காலும் முடிந்தது. சாமியார் எழுந்தார். நீ கடைசியிலிருந்து நடந்து வந்து பேசினைத் தூக்கினாய். நாலு எட்டு வைத்தாய். நட்ட நடுவில், எல்லாரும் நடக்கிற பாதையில் அதை இறக்கி வைத்தாய். சொட்டுச் சிந்தவில்லை.

"சாமி, இதை நான் கொட்ட மாட்டேன். என் காலும் பட்ட தண்ணின்னா கொட்டுறேன்."

சத்தமில்லாமல்தான் சொன்னாய். திரும்பிப் போய் உன் இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாய். ஓடவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

மேலத்தெருவில் ஒருத்தனும் அதைத் தொடவில்லை. பிறத்தியார் கால் கழுவிய தண்ணீர், அதுவும் நீ செய்கிற வேலை. தொட்டால் நீயாகிவிடுவோம் என்று பயம். சாமியாரும் தொடவில்லை. பேசின் அங்கேயே இருந்தது. பெரிய வெள்ளிக்கு ஊரே வந்து சிலுவைக்கு முத்தம் கொடுத்தது. எல்லாரும் பேசினைச் சுற்றிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை அதில் தூசி படிந்து எறும்பு மிதந்தது. நீ வழக்கம்போல் வாசல் கூட்டினாய்.

அன்றுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நாட்டாண்மை ஆட்சேபனை மனு கொடுக்கப்போகிறார் என்று தெரிந்த கோபம். டீக்கடையில் எல்லார் முன்னிலும் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "வீட்டைப் பறிகொடுத்துட்டு அவனுங்க கோயில் வாசலையே கூட்டுறியேடா! மறு கன்னமென்ன, மூணாவதா ஒண்ணு வளர்த்து வச்சிருக்கியா? அடிமை!" நீ டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அந்த ஒரு சொல்லை இன்றுவரை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் சாமியார் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே அந்தப் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் வேலி ஓரம் கொட்டினார். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னார். "அடுத்த வருஷம் மேலத்தெரு ஆறு, கீழத்தெரு ஆறு. பிடிக்காதவங்க அவங்கவங்க வீட்லயே காலைக் கழுவிக்கலாம்." பயந்த மனுஷன்தான். அவருக்கு மூன்று நாள் பிடித்தது. சிலருக்கு ஆயுசு பூராவும் போதவில்லை.

அப்புறம் நாலு மாசம் நமக்குள் பேச்சில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது, குறுவை நட்டோம், ஒரே வயலில் இரண்டு கரையில் நின்றோம். உன்னோடு பேசாமலே உனக்காகப் பட்டா மனு எழுதினேன். வலங்கைமானுக்குப் போய் வெள்ளைத்தாள் வாங்கிவந்து ஒன்பது தடவை எழுதினேன்.

தாசில்தார் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நாட்டாண்மை எழுந்து, "என் தோப்புல இப்படி ஒரு ஆளு குடியிருந்ததா எனக்கு ஞாபகமில்லீங்க. போன வருஷம்தான் கீத்து போட்டிருக்கான்" என்றார். நான் சாட்சி சொன்னேன். சங்கத்து ஆள்கள் நாலு பேர் சொன்னார்கள். தாசில்தார் பேனாவை மூடினார். "ஒங்க சங்கத்துச் சாட்சியெல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கும். மேலத்தெருவுல யாராவது சொல்லட்டும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் ஒரு தடி தட்டும் சத்தம் கேட்டது. நாட்டாண்மையின் சித்தப்பா. பன்னிரண்டு நாற்காலியில் முதல் நாற்காலிக்காரர், நடக்கவே முடியாத கிழவர்.

"சித்தப்பா, நீங்க சும்மா இருங்க" என்றார் நாட்டாண்மை.

"சும்மா இருந்துதாண்டா இத்தனை வருஷம் காலை நீட்டிக்கிட்டிருந்தேன்." கிழவர் தாசில்தாரைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா, என் காலைக் கழுவின தண்ணியை இருபது வருஷமா இவன்தான் கொட்டினான். கூப்பிட்ட குரலுக்குத் தோப்பு ஓரத்துலேர்ந்துதான் வருவான். இவன் அங்க குடியில்லேன்னா, எங்க தண்ணியைக் கொட்டினது யாரு? என் அண்ணன் மகன் இவனைக் கேளுங்க, இவனா கொட்டினான்?"

தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். நாலு மாசத்துக்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு: "மனுவுல என் அப்பன் பேருக்குப் பதிலா ஒன் அப்பன் பேர எழுதியிருக்கடா."

ஒன்பது தடவை எழுதியும் கவனிக்கவில்லை. "ஐயோ, செல்லாமப் போயிடுமேடா!"

"தாசில்தாரே அடிச்சுத் திருத்திட்டாரு. ஒங்க அண்ணன் தம்பிச் சண்டையெல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டாரு. முடிஞ்சுதுன்னேன்."

அடுத்த வருஷம் உன் காலைச் சாமியார் கழுவினார். நான் அதே ஜன்னலில் நின்றேன். வெடித்த குதிகால், சேற்றுப்புண் தழும்பு, சுண்டுவிரலில் நகமில்லை. அன்று பேசினை நீதான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. பிறகு நாட்டாண்மை செத்தபோது நீயே குழி வெட்டினாய். "ஒன் வீட்டைப் பிடுங்கப் பாத்தவனுக்கா?" என்றேன். "அவரு மண்ணுக்குத்தானே போறாரு, என் மனைக்கு இல்லையே" என்றாய். அதுவும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காத காரியங்களைச் செய்தே எண்பது வயது வரை இருந்துவிட்டுப் போனாய்.

இந்த வருஷம் பன்னிரண்டு பேரில் உன் மகளும் ஒருத்தி. இப்போது பெண்களும் உட்காரலாமாம். "பெரியப்பா, ஜன்னல்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவையாக உள்ளே போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன், கும்பிடவில்லை. கழுவி முடிந்ததும் பேசின் கீழே இருந்தது. உன் மகள் கால் பட்ட தண்ணீர், நீ இல்லை, நான் கொட்டாமல் யார் கொட்டுவது என்று எழுந்தேன். அதே நேரம் எதிர்ப் பக்கத்திலிருந்து நாட்டாண்மையின் மகன் எழுந்து வந்தார். அவருக்கும் எழுபது இருக்கும்.

"விடுங்க, நான் கொட்டுறேன்" என்றார்.

"நீங்க விடுங்க."

"எங்க வீட்டுல யாரும் இதைத் தொட்டதில்லைங்க. நான் ஒரு தடவையாவது தொடணும்."

"அதுக்கு இன்னிக்குத்தான் கெடைச்சுதா?"

ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்தே தூக்கினோம். வாசல்படியில் அவர் ஒரு காலைத் தவறவிட்டார், நான் ஒரு கையை. பேசின் உருண்டு கல்லில் மோதியது. இரண்டு பேர் வேட்டியும் நனைந்துபோய் நின்றோம். கோயிலே சிரித்தது. உடைந்த கதை இதுதான். மீதிப் பாதித் தப்பு அவருடையது.

நனைந்த வேட்டியோடு அவரிடம் கேட்டேன். "பேசின் போச்சு. கல்லறைச் சுவர் எப்பங்க போகும்?" நீ அந்தச் சுவருக்குக் கிழக்கேதான் படுத்திருக்கிறாய். நீ வெட்டிய குழியில் அவர் அப்பா மேற்கே படுத்திருக்கிறார். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "மனு எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடுறேன்" என்றார். போட்டும் விட்டார். அதற்குப் பிறகு பதினோரு பேர் போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை பெயர்களைச் சரிபார்த்துவிட்டேன்.

வேதம் சமாதானம் சொல்கிறதா என்றால், சொல்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். சும்மா இருக்கச் சொல்லவில்லை என்பதையும் உன்னால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது.

அடுத்த வருஷம் ஒரு நாற்காலி எனக்கு என்கிறாள் உன் மகள். எனக்கு நம்பிக்கை கிடையாதே என்றேன். "காலு இருக்குல்ல, போதும்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் மனுவைக் கொடுக்கப் போகிறோம். கொடி எடுக்கவில்லை. இந்த ஓட்டைப் பேசினைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். கல்லறைச் சுவருக்கு முன்னால், எல்லாரும் நடக்கிற பாதையில் அதை இறக்கி வைப்பேன். வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன்.